ஸ்கோப் இல்லாத ரைபிளை எதற்கு வைத்திருப்பது?

கேள்வி, ஓகஸ்ட் 2 (ரொறொன்ரோவிலிருந்து ஒரு தம்பி)

"பழைய லீ-என்பீல்ட் ஒன்று மலிவாகக் கிடைத்தது. யாரோ முன்மரத்தை வெட்டி வேட்டைத் துவக்காக மாற்றியிருக்கிறார்கள். துளை போட்டு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கிக் கண்ணாடி) மாட்டு என்று நண்பர்கள் எல்லோரும் நிற்கிறார்கள். இரும்புக் குறி கண்ணாடி வாங்க வழியில்லாத காலத்துச் சங்கதியாம், அதை வைத்துக்கொண்டு மான் சுடப் போவது வீம்பாம். வன்னியில் உங்கள் தலைமுறை ஸ்கோப்பைக் கண்ணாலும் கண்டிருக்காது. எப்படிச் சுட்டீர்கள்?"

ஓகஸ்ட் 3

துளை போடாதே, தம்பி. ரைபிளின் உடலில் விழுந்த துளையை யாராலும் பழையபடி ஆக்க முடியாது. ஆசை தீரவில்லை என்றால் உடலைத் தொடாமல் பொருத்தும் தாங்கிகள் உங்கள் ஊரிலேயே விற்கிறார்கள்.

நாங்கள் எப்படிச் சுட்டோம் என்றால், கிட்டப் போய்ச் சுட்டோம். ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணிப் பக்கம் போகும் காட்டை நீ பார்த்திருக்க மாட்டாய். மேலே பாலையும் வீரையும் முதிரையும், கீழே முழுக்கப் பற்றை. நாற்பது கவடுக்கு அப்பால் எதுவும் முழுதாகத் தெரியாது. ஒரு காது, ஒரு முதுகின் விளிம்பு, அவ்வளவுதான். அங்கே நான்கு மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் இலையைத்தான் நான்கு மடங்கு பெரிதாகப் பார்க்கலாம்.

பெரியப்பாவிடம் ஓர் ஒஸ்ரிய மான்லிச்சர் ஷோனவர் இருந்தது. 6.5 மில்லிமீற்றர், குழலின் நுனிவரை மரம் ஓடும் வகை. ஒரு தோட்டத்துரை நாட்டைவிட்டுப் போனபோது விற்றது, பிறகு பல கை மாறி எங்கள் வீட்டுக்கு வந்தது. இரும்புக் குறி என்பது இரண்டு துண்டு, கண் பக்கம் பின்குறி, குழல் நுனியில் முன்குறி. பின்குறியில் ஆழமில்லாத ஒரு வெட்டு, முன்குறியில் கடுகைவிடச் சற்றுப் பெரிய மணி. எங்களுக்கு அதைத் தோட்டா இல்லாமல்தான் முதலில் தருவார். கண்ணை மூடு, தோளில் வை, கன்னத்தை மரத்தில் சாய், இப்போது கண்ணைத் திற என்பார். திறக்கும்போதே மணி வெட்டுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். தேடிக்கொண்டிருந்தால் துவக்கை வாங்கி வைத்துவிடுவார்.

ஸ்கோப் மாட்டச் சொல்பவர்கள் இந்த இடத்தைத்தான் கவனிப்பதில்லை. பழைய ரைபிள்களின் பிடிமரம் கீழே தாழ்ந்து போகும். கன்னம் மரத்தில் படும்போது கண் இரும்புக் குறியின் மட்டத்துக்கு வரவேண்டும் என்று கணக்குப் பண்ணிச் செதுக்கிய மரம் அது. மேலே ஸ்கோப்பை ஏற்றினால் கன்னத்தை மரத்திலிருந்து தூக்க வேண்டும். தலை அந்தரத்தில் நிற்கும். அதன்பின் கண்ணாடி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் என்ன?

"இப்போதும் சுடுகிறீர்களா?" என்று யாரும் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1937இல் வந்தது. இன்று மானையும் மரையையும் சுட இங்கே இடமில்லை, இருக்கவும் வேண்டாம். அந்த மான்லிச்சர் எண்பதுகளில் துவக்குகளை ஒப்படைக்கச் சொன்னபோது போனது, திரும்பவில்லை. இன்று என்னிடம் இருப்பது பயிர்க்காவலுக்கான ஒற்றைக்குழல் சொட்கன், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அனுமதிப்பத்திரத்தோடு.

ஓகஸ்ட் 3, இரவு

லீ-என்பீல்ட் என்றால் எந்த லீ-என்பீல்ட்? 1907இல் வந்த மார்க் 3 என்றால் பின்குறி குழலின் மேல், கண்ணுக்குத் தூரத்தில், வெட்டு வடிவில் இருக்கும். நம்பர் 4 என்றால் கண்ணுக்குப் பக்கத்தில் துளையாக இருக்கும். இரண்டும் இரண்டு உலகம். படம் போடு.

ஓகஸ்ட் 5

படம் வந்தது. நம்பர் 4. பின்னால் மடங்கும் இரட்டைத் துளைக்குறி, ஒன்று 300 யாருக்கு (யார் என்றால் கஜம்), மற்றது 600 யாருக்கு. நல்லதுதான் கிடைத்திருக்கிறது, நண்பர்களுக்குச் சொல்லாதே.

"இரும்புக் குறி துல்லியம் இல்லாதது" என்ற பேச்சு அரைக் கணக்கு. குறியைப் பிடிப்பதில் வரும் பிழை, முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலுள்ள நீளத்தில் தங்கியிருக்கிறது. இடைவெளி 50 சென்ரிமீற்றர், பிடிப்பதில் 1 மில்லிமீற்றர் பிசகு என்று வை. 50 மீற்றரில் வெடி 10 சென்ரிமீற்றர் விலகும். இடைவெளி நீண்டால் அதே பிசகுக்கு விலகல் குறையும். மார்க் 3இல் இந்த இடைவெளி 19 அங்குலம் சொச்சம். பின்குறியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததால் நம்பர் 4இல் அது 28 அங்குலம் சொச்சம். குழலை நீட்டாமலே இலாபம்.

இனி உன் தொல்லை. 300 யாருக்கு வைத்த குறியால் 100 யாரில் சுட்டால் வெடி மேலே போகும். நீ ஆறு அங்குலம் என்கிறாய். கணக்கு இது: பிழையை இரண்டு குறிகளின் இடைவெளியால் பெருக்கி, தூரத்தால் வகு. 6 பெருக்கல் 28.7, வகுத்தல் 3600 அங்குலம் (அதுதான் 100 யார்). ஏறக்குறைய 0.048 அங்குலம் வருகிறது. முன்குறித் தகடுகள் 0.015 அங்குலப் படிகளில் செய்யப்பட்டவை, இலக்கம் தகட்டிலேயே பொறித்திருக்கும். மூன்று படி உயரமானதைத் தேடி மாட்டு.

முன்குறி உயர்ந்தால் வெடி தாழும். பின்குறி உயர்ந்தால் வெடி உயரும். இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு முன்குறியை அரத்தால் ராவியவர்களை எனக்குத் தெரியும். ராவிய இரும்பு வளராது.

ஓகஸ்ட் 6

மாங்குளத்து அண்ணர் ஒருவர் கேட்கிறார்: பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்ப்பது எப்படி?

பார்க்க முடியாது, அண்ணை. கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தில்தான் பதியும். முன்குறியைத் தெளிவாகப் பாருங்கள். பின்குறி மங்கட்டும், விலங்கு கொஞ்சம் மங்கட்டும். புதிதாகப் பழகுபவன் விலங்கைத்தான் உற்றுப் பார்ப்பான், அது இயல்பு. அந்த நேரத்தில் மணி எங்கே நிற்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அவசரத்தில் மணி வெட்டுக்குள் இறங்காமல் மேலே முழுதாகத் தெரிந்துகொண்டு நிற்கும், வெடி முதுகுக்கு மேலால் போய்விடும். தவறிய வெடிகளில் பெரும்பாலானவை மேலே போனவைதான். துளைக்குறியில் இந்தத் தொல்லை குறைவு. துளையின் நடுவில்தான் வெளிச்சம் அதிகம், கண் தானாக அங்கே போய்விடும். துளையைப் பார்க்காமல் துளைக்குள்ளால் பார்த்தால் போதும்.

இந்த முன்குறிப் பாடத்தை எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறை வேட்டையில் கற்கவில்லை. அதைப்பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதைக் கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள், மன்னிக்கவும்.

ஓகஸ்ட் 9

வெயில். இரும்புக் குறியின் உண்மையான எதிரி தூரம் அல்ல, வெளிச்சம்.

மணி உருண்டையாகவும் பளபளப்பாகவும் இருந்தால் வெயில் படும் பக்கம் மட்டும் மினுங்கும். வலப்பக்கம் வெயில் என்றால் மணியின் வலது விளிம்பு மினுங்கும். கண் அந்த மினுக்கத்தை மணி என்று எடுத்துக்கொண்டு அதை வெட்டின் நடுவுக்குக் கொண்டுவரும். அப்போது உண்மையான மணி இடப்பக்கம் போயிருக்கும், வெடியும் இடப்பக்கம் போகும். வெயிலுக்கு எதிர்ப்பக்கம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முத்தையன்கட்டுக் குளக்கட்டில் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் வேறு மாதிரியும் சுடுகிற துவக்கைப் "பிசாசு பிடித்தது" என்று விற்றவர் ஒருவர் இருந்தார். வாங்கியவர் மணியின் முகத்தைத் தட்டையாக ராவிக்கொண்டார், பிசாசு போய்விட்டது.

பெரியப்பா ராவவில்லை. பகலில் வெளிக்கிடும் முன் மண்ணெண்ணெய்க் கைவிளக்கைக் கொளுத்தித் திரியைச் சற்று உயர்த்துவார். புகை கறுப்பாக எழும்பும். முன்குறியையும் பின்குறியையும் அதற்கு மேல் மெதுவாகக் காட்டுவார். ஒரு மங்கல் கரி படியும், கை பட்டால் போய்விடும். கறுத்த இரும்பில் மினுக்கம் இல்லை. போட்டிச் சூட்டுக்காரர்கள் காபைட் விளக்கில் செய்வதும் இதைத்தான்.

பொழுது பட்டதும் நேர்மாறு. வெற்றிலைத் தட்டத்திலிருந்து சுண்ணாம்பை ஈர்க்கு நுனியில் தொட்டு மணியின் முகத்தில் ஒரு பொட்டு வைப்பார். காய்ந்ததும் வெள்ளையாக நிற்கும். இங்கிலாந்துத் துவக்குக்காரர்கள் இதற்காகவே யானைத் தந்தத்தில் மணி செய்து பொருத்தினார்கள். விலை கூடிய ரைபிள்களில் இரவுக்கென்று மடித்து நிமிர்த்தும் பெரிய வெள்ளை மணியும் உண்டு. தந்தம் காலப்போக்கில் மஞ்சளாகும், உடையும். சுண்ணாம்பு தினமும் புதிது.

ஓகஸ்ட் 10

சுண்ணாம்போடு பாக்கும் வேண்டுமா என்று கேட்டவருக்கு: இல்லை, பாக்கு தேவையில்லை.

ஓகஸ்ட் 14

ஆபிரிக்காவில் யானை வேட்டையாடிய "கரமோஜோ" பெல்லைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார், பெரும்பாலும் 7 மில்லிமீற்றர் ரைபிளால், அதுவும் இரும்புக் குறியோடு, ஆகவே ஸ்கோப் தேவையில்லை என்று ஒருவர் வாதிடுகிறார். உண்மைதான், சுட்டார். யானையின் மண்டையோட்டை அறுத்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்துவிட்டுச் சுட்டார். படிக்காமல் அந்தச் சிறிய ரவையை எடுத்துக்கொண்டு போனவர்கள் புத்தகம் எழுதத் திரும்பி வரவில்லை.

நமக்கும் ஒருவர் இருந்தார். மேஜர் ரொஜர்ஸ் ஊவாப் பக்கம் குழலின் வாய்வழியாக வெடிமருந்து போடும் துவக்குகளோடு ஆயிரத்துக்கு மேல் யானைகளைக் கொன்றவர் என்று சொல்லப்படுகிறது. அந்தத் துவக்குகளுக்குக் குறி இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன, யானையின் மூச்சுச் சூடு படும் தூரத்தில் சுட்டார்கள். 1845இல் ஹப்புத்தளையில் அவர்மேல் இடி விழுந்தது. இடிக்கும் ஸ்கோப் தேவைப்படவில்லை.

இந்த ஆயிரக் கணக்குகளில் எனக்குப் பெருமை எதுவும் தெரியவில்லை. காலபோகத்தில் யானை வரம்பில் நின்றால் வெடில் கொளுத்தி, தகரம் தட்டி, காலையில் நாசத்தைப் பார்த்து வயிறு எரிகிறவன் நான். அப்படி எரிந்தும், எண்ணிக்கை சொல்லி மார் தட்டுகிறவர்களோடு எனக்கு ஒட்டவில்லை.

ஓகஸ்ட் 21

தம்பி வேறொரு ரைபிளின் படம் அனுப்பிக் கேட்கிறான்: பின்குறியில் மூன்று தகடுகள் அடுக்காக மடங்கியிருக்கின்றன, எதற்கு?

பழைய ஆங்கில வேட்டை ரைபிள்களின் குறி அது. நிலையாக நிற்கும் முதல் தகடு 100 யாருக்கு, சிலவற்றில் 50க்கு. மற்றவை 200, 300 யாருக்கு நிமிர்த்துபவை. வெட்டு ஆழமில்லாமல் விரிந்த கைபோல இருக்கும், நடுவில் வெள்ளியோ பிளாட்டினமோ ஒரு கோடு இறங்கும். ஆழமான வெட்டு விலங்கின் பாதியை மறைக்கும், ஓடும் பன்றியைக் குறிபார்க்கும்போது அது வேண்டாத வேலை. விரிந்த வெட்டில் மணியைப் போட்டால் போதும், சரியாக அளந்து வைக்கும் வரை பன்றி நிற்காது. அமெரிக்க லீவர் ரைபிள்களில் வரும் கொம்பு வடிவக் குறி எனக்குப் பிடிக்காததும் இதனால்தான். இரண்டு கொம்பும் மேலே வளைந்து வந்து பார்க்க வேண்டியதை மூடிக்கொள்ளும். வில்லியம் லைமன் என்பவர் 1879இலேயே கைப்பிடிக் கழுத்தில் பொருத்தும் துளைக்குறிக்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் கொம்பைப் பொருத்திக்கொண்டிருந்தவர்களை என்ன சொல்வது?

எங்கள் காட்டில் 200, 300 தகடுகள் வெறும் அலங்காரம்.

ஓகஸ்ட் 22

நேற்று எழுதியதை யோசித்தேன். முழுக்க அலங்காரம் என்று சொல்லவும் முடியாது. ஆவணியில் குளம் வற்றி அலைகரை வெட்டையாகக் கிடக்கும் நாட்களில் அடுத்த கரை வரை பார்வை போகும். அந்தக் காலத்தில் அங்கேதான் தூர வெடி வைக்க ஆசை வரும். பெரியப்பாவின் துவக்கிலும் மடங்கும் தகடு ஒன்று இருந்தது. அதை நிமிர்த்தி நான் பார்த்ததில்லை. முன்குறி மணி விலங்கின் தோளைவிடப் பெரிதாகத் தெரிந்தால் தூரம் கூடிவிட்டது, விசையில் விரல் வைக்காதே என்பார். தகட்டை விட இந்த அளவு நம்பகமானது. ஸ்கோப் இந்த எச்சரிக்கையைத் தராது, தூரத்தில் நிற்பதைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தி "சுடு" என்று சொல்லும். காயம்பட்டு ஓடிய மரையை இரத்தத் துளி பார்த்துப் பற்றைக்குள் தேடிப்போகிறவனுக்குத் தெரியும், அந்த "சுடு" யாருடைய வேலையைக் கூட்டுகிறது என்று.

இதனால் ஸ்கோப் கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுக்க வேண்டாம். பொழுது சாயும் கடைசி நேரத்தில் நல்ல கண்ணாடிக்கு முன் எந்த இரும்பும் நிற்காது. திறந்த வெளியில், கனடாவின் வெட்டவெளி வயல் ஓரத்தில் நின்று சுடுகிறவன் ஸ்கோப் மாட்டட்டும். தம்பி, நீ காட்டுக்குள் நடக்கிறாய் என்றுதானே சொன்னாய்?

செப்ரெம்பர் 2

கண். இதைக் கேட்டவர்கள்தான் அதிகம், எல்லோரும் என் வயதுக்காரர்கள் போலிருக்கிறது.

நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வை தளரும். முன்குறி மங்கும், மணி இரண்டாகவும் தெரியும். வாசிக்கும் கண்ணாடியைப் போட்டால் மணியும் சரியாகத் தெரியாது, இலக்கு முழுதாகவே காணாமல் போய்விடும், ஏனென்றால் அது பத்திரிகை பிடிக்கும் தூரத்துக்குச் செய்தது. வேண்டியது தூரப் பார்வைக்கான உங்கள் கண்ணாடியோடு +0.50 அல்லது +0.75 கூட்டிய கண்ணாடி.

வவுனியாவில் ஒரு கண்ணாடிக் கடையில் இதைச் சொல்லிப் பார்த்தேன். துவக்கு என்று வாயைத் திறந்தால் வீண் கதை வரும் என்பதால், கண்ணிலிருந்து முன்குறி வரைக்கும் அளந்து வெட்டிய பூவரசம் தடி ஒன்றைக் கொண்டுபோனேன். தடியின் ஒரு நுனியை மூக்கருகே வைத்து, "மற்ற நுனி தெளிவாகத் தெரிய வேண்டும்" என்றேன். அந்தப் பிள்ளை தடியையும் பார்த்தது, என்னையும் பார்த்தது. "ஐயா, அவ்வளவு தூரத்தில் வைத்து என்ன வாசிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டது. பஸ் பலகை என்றேன். பஸ் பலகை அதைவிடத் தூரத்தில் அல்லவா வரும் என்று சரியாகத்தான் கேட்டது. கடைசியில் மாதிரிக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, தடி நுனியில் ஒட்டிய தீக்குச்சித் தலை கூர்மையாகத் தெரிந்த இடத்தில் நிறுத்தினோம்.

செலவில்லாத வழி: கண்ணாடியில் கண் பார்க்கும் இடத்தில் கறுப்பு மின்சார நாடாத் துண்டு ஒட்டி, நடுவில் ஊசியால் சுத்தமான சிறு துளை. துளை சிறிதாகும்போது கிட்டவும் தூரமும் சேர்ந்து தெளியும். துளைக்குறி வயதான கண்ணுக்கு உதவுவதும் இதே காரணத்தால். ஆனால் துளை சிறிதானால் வெளிச்சமும் குறையும், மாலையில் உதவாது. துளைக்குறியின் உள்வட்டத் தகட்டைக் கழற்ற முடிந்தால், காட்டில் கழற்றிவிட்டுப் பெரிய வளையத்தோடு போங்கள்.

இன்னொன்று. எல்லாம் சரியாக இருந்தும் வெடி ஒரே பக்கம் போகிறது என்றால் எந்தக் கண் உங்களுக்கு ஆளும் கண் என்று பாருங்கள். இரண்டு கையாலும் சிறு முக்கோணம் கட்டி, தூரத்து மரத்தை அதற்குள் பார்த்து, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் மூடும்போது மரம் தாவுகிறதோ அதுதான் ஆளும் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆண்டால் சொட்கனில் பெரும்பாடு, அதில் பின்குறியே இல்லை, கண்தான் பின்குறி.

செப்ரெம்பர் 11

துணுக்காய்ப் பக்கத்து ஒருவர், "இவ்வளவு கதை எதற்கு, கட்டுத்துவக்குக்கு எந்தக் குறியும் தேவையில்லையே" என்று எழுதியிருக்கிறார். பகிடிக்கு என்று எடுத்துக்கொள்கிறேன்.

கட்டுத்துவக்கு தெரியாத வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு: ஒரு இரும்புக் குழாய், வாய்வழியாக மருந்தும் சன்னமும், தடத்துக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு நூல். கால் பட்டால் வெடிக்கும். வைத்தவன் வீட்டில் படுத்திருப்பான். பன்றிக்கு என்று வைப்பான். தேன் எடுக்கப் போனவன், மாடு தேடிப் போனவன், யானைக்கன்று, எது முதலில் வருகிறதோ அதன் காலுக்குப் போகும். சட்ட விரோதம் என்பது இருக்கட்டும். மாடு தேடிப்போய் ஒரு காலோடு திரும்பிய உறவினர் எனக்கு உண்டு, அவர் போன தடம் ஊரெல்லாம் நடக்கும் தடம். குறி என்பது வெடியை இலக்குக்குக் கொண்டுபோக மட்டும் அல்ல, இது பன்றி அல்ல என்று கண்டு விரலை எடுக்கவும்தான். கட்டுத்துவக்கில் அந்த விரல் இல்லை.

செப்ரெம்பர் 12

பன்றியால் அழிந்த மரவள்ளித் தோட்டத்தின் படத்தைப் போட்டு, "விரலைப்பற்றிப் பேச உங்களுக்கு வயிறு நிறைந்திருக்கிறது" என்று அதே ஆள் எழுதியிருக்கிறார். அழிவு எனக்கும் தெரியும். வேலி, வெளிச்சம், முறை வைத்துக் காவல், அனுமதியுள்ள துவக்கு. இதில் எதுவும் முழுத் தீர்வு இல்லை என்பதும் தெரியும். அதற்காக நூல் கட்ட மாட்டேன். இதற்கு மேல் இதில் எழுதவில்லை.

ஒக்ரோபர் 9

தம்பி, 0.045 உயரம் கூடிய தகடு கிடைத்தது என்கிறாய், சந்தோஷம். பக்கவாட்டு விலகலுக்கு முன்குறியைச் சுத்தியலால் தட்டாதே, அதற்கென்று தள்ளும் கருவி இருக்கிறது. வெடி வலப்பக்கம் போனால் முன்குறியையும் வலப்பக்கம் தள்ளு. பின்குறி என்றால் எதிர்மாறு.

ஒக்ரோபர் 20

விதைப்புத் தொடங்கிவிட்டது, இனிப் பதில்கள் பிந்தும்.

மல்லாவியிலிருந்து வந்த கடைசிக் கேள்விக்கு மட்டும்: இரவுக் காவலில் சொட்கன் குழலின் கீழே டோர்ச்சைக் கட்டினால் முன்மணி தெரியவில்லையாம். தெரியாதுதான், வெளிச்சம் மணிக்கு முன்னால் போய்விடுகிறது, மணி இருட்டில் நிற்கிறது. நெற்றியில் கட்டும் விளக்கைப் பாவியுங்கள், வெளிச்சம் பின்னாலிருந்து மணியிலும் படும், பன்றியிலும் படும். மணியில் வெள்ளை பூசியிருந்தால் அந்த வெளிச்சத்தில் கண் கூசும், அப்போது சுண்ணாம்பைத் துடைத்துவிட்டுச் சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு. வீட்டில் கேட்டு எடுங்கள்.